வட நார்வேயின் லேபெஸ்பி: மீனவ ஊரும் சாமி மக்களும் – விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

ஈசூன் தகப்பன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கடல்வள மேலாண்மையில் முதுகலை படித்து வருகிறாள். சிறு படகு மீன்பிடித் தொழிலைப் பற்றிய ஆய்வுக்காக, வரும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் மாநிலத்தைச் சேர்ந்த லேபெஸ்பி என்னும் இடத்தில் தங்கப் போகிறாள். அந்தப் பெயரையே நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவள் சொன்ன நாளிலிருந்து இரவு உணவு முடிந்ததும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். படிக்கப் படிக்கக் கேள்விகள்தாம் கூடுகின்றன.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். லேபெஸ்பி என்பது ஒரே ஊர் அன்று. பல சிற்றூர்கள் அடங்கிய ஓர் உள்ளாட்சிப் பகுதி. பரப்பில் நம் சிங்கப்பூரைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. மக்கள்தொகையோ ஆயிரத்துச் சில நூறுதான். அதாவது, நாங்கள் குடியிருக்கும் வட்டாரத்தின் நான்கைந்து புளோக்குகளில் இருப்பவர்கள் அத்தனை பெரிய நிலம் முழுவதும் பரவி வாழ்கிறார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் வடமுனையான ஷின்னரோடன் இந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. நிர்வாக மையமான ஷொல்லெஃபியோர்ட் திறந்த கடலை ஒட்டிய மீன்பிடித் துறைமுகம். தெற்கே லாக்செஃபியோர்ட் என்ற நீண்ட கடற்கழி உள்நாடு வரை செல்கிறது. அதன் கரையோரம் சில சிறு குடியிருப்புகள் இருக்கின்றன.

என் குழப்பம் மக்களைப் பற்றியது. அங்கே சாமி என்ற பழங்குடியினர் துருவமான் மேய்க்கிறார்கள், நார்வேஜியர்கள் மீன் பிடிக்கிறார்கள், இரு தரப்பாருக்கும் பெரிய ஒட்டுறவு இல்லை என்று ஓர் உறவினர் சொன்னார். ஆனால் நான் படித்த ஒரு கட்டுரையில் "கடல் சாமி" என்ற சொல் வந்தது. அப்படியென்றால் மீன் பிடிப்பவர்களிலும் சாமி மக்கள் இருக்கிறார்களா? மொத்த மக்களில் அவர்கள் எத்தனை விழுக்காடு? எவ்வளவு தேடியும் அந்தக் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. என் மகள் ஓரளவு நார்வேஜிய மொழி கற்றுக்கொண்டிருக்கிறாள். சாமி மொழியும் தெரிந்திருக்க வேண்டுமா? எந்தப் பேச்சை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

இன்னொன்றையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். நம் நிறத்தில் உள்ள ஒரு பெண் பிள்ளை அத்தனை சிறிய ஊரில் தனியாகப் போய் நின்றால் அவளை எப்படிப் பார்ப்பார்கள்? அவள் அம்மாவுக்கு இந்தக் கவலைதான் பெரிதாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நெய்தல் வாசகி எழுதியது:

ஐயா, வணக்கம். நான் சில ஆண்டுகள் வட நார்வேயின் ட்ரோம்சோ நகரில் ஆய்வு மாணவியாக இருந்தேன். ஃபின்மார்க் கரையில் கோடையிலும் பனியிலும் பயணம் செய்திருக்கிறேன். லேபெஸ்பிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். உங்கள் உறவினர் சொன்னது பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துருவமான் மேய்ப்பவர்கள் சாமி மக்களில் ஒரு சிறு பகுதியினர் மட்டுமே. நார்வேயின் வடகரை நெடுக, கடற்கழிகளின் உள்பக்கங்களில், மீன்பிடித்தலையும் சிறு வேளாண்மையையும் சேர்த்துச் செய்துவந்தவர்கள் கடல் சாமிகள். நான்கைந்து மாடு, சில ஆடு, குளிர்காலத்துக்கு வேண்டிய வைக்கோல், வீட்டு வாசலிலிருந்து துடுப்புப் போட்டுப் போகும் தூரத்தில் காட் மீன், இலையுதிர் காலத்தில் மலையில் பறிக்கும் பழங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மேய்ச்சல் சாமிகள் குளிர்காலத்தை உள்நாட்டில் கழித்துவிட்டுக் கோடையில் மந்தையோடு கரைக்கு வருவார்கள். கரையில் இருக்கும் குடும்பத்துக்கும் மலையிலிருந்து வரும் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஓர் உறவு உண்டு. அதற்கு "வெர்த்தெ" என்று பெயர். இவர்கள் மீனும் பாலும் கொடுப்பார்கள். அவர்கள் இறைச்சியும் தோலும் கொடுப்பார்கள். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண் உப்பையும் மீனையும் கொடுத்து நெல் வாங்கி வருவாளே, அந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் வெர்த்தெ என்பது பண்டமாற்றோடு நின்றுவிடுவதில்லை. ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு மற்றவர் ஞானப் பெற்றோராக நிற்பது வரைக்கும் அது செல்லும்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். லேபெஸ்பிக்குச் சாமி மொழியில் "தவ்வெசீய்தா" என்று பெயர். "சீய்தா" என்பது சில குடும்பங்கள் நிலத்தையும் நீரையும் பொதுவில் ஆண்டு வாழ்ந்த பழைய சமூக அமைப்பு. "தவ்வெ" என்றால் வடக்கு. ஃபின்மார்க் என்ற மாநிலப் பெயரிலும் அவர்களே இருக்கிறார்கள், ஏனென்றால் பழைய நார்வேஜிய மொழியில் "ஃபின்" என்பது சாமி மக்களைக் குறித்த சொல். உங்கள் மகள் கப்பலில் வந்தால், ஷொல்லெஃபியோர்டின் வாயில் இரட்டைக் கோபுரத் தேவாலயம் போல் கடலுக்குள் நிற்கும் பாறையைக் காண்பாள். அதை "ஃபின்கிர்க்கா", அதாவது சாமிகளின் கோயில் என்கிறார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன் சாமி மக்கள் பலி கொடுத்து வழிபட்ட இடம் அது. நான் போன நாளில் பாறையின் பாதி உயரம் வரை மூடுபனி இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வெளிக்கடலை ஒட்டிய ஷொல்லெஃபியோர்டில் நார்வேஜியர்களும், லாக்செஃபியோர்டின் உள்பக்கத்தில் கடல் சாமி வழியினரும் மிகுதி என்று பொதுவாகச் சொல்வார்கள். வரலாற்றளவில் அது சரிதான். ஆனால் இன்று அங்கே போய் இவர் யார், அவர் யார் என்று கோடு போட முடியாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அரசே முனைந்து அந்தக் கோட்டை அழித்தது என்பதுதான் அதற்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சாமி மக்களை நார்வேஜியர் ஆக்குவதே அரசின் கொள்கையாக இருந்தது. 1898இல் பிறப்பிக்கப்பட்ட பள்ளி விதிகள், நார்வேஜிய மொழியைக் குழந்தைகளுக்குப் புரியவைக்கத் தவிர்க்க முடியாத அளவுக்கு மட்டுமே சாமி மொழியைப் பயன்படுத்தலாம் என்றன. 1902இன் நிலச் சட்டமும் அதன் விதிகளும் நார்வேஜிய மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்து அதை அன்றாடம் பயன்படுத்துபவருக்கே ஃபின்மார்க்கில் நிலம் விற்கலாம் என்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். தாய்மொழியில் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் அங்கே மாதக்கணக்கில் இருந்தார்கள். பிறகு 1944 இலையுதிர் காலத்தில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கின் பெரும்பகுதியை வீடு, படகு, கொட்டகை எதுவும் மிஞ்சாமல் எரித்தது. ஏறத்தாழ 50,000 பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மரவீடுகள் கட்டித் தரப்பட்டன. கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்லக்கூடிய பொருள்கள் நெருப்போடு போயின. மொழி ஏற்கெனவே வெட்கப்பட வேண்டிய ஒன்றாகியிருந்தது. ஆகவே உட்பகுதிகளான கவ்டொக்கெய்னோ, கரஷோக் போன்ற இடங்களில் நிலைத்த சாமி மொழி, கரையில் ஒன்றிரண்டு தலைமுறையில் சமையலறைக்குள் ஒடுங்கிவிட்டது.

இதனால்தான் உங்களுக்கு விழுக்காடு கிடைக்கவில்லை. நம் அடையாள அட்டையில் இனம் பதிவாகியிருக்கும். நார்வேயின் மக்கள் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை. சாமி நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க விரும்புவோர் தாமாக முன்வந்து தனிப் பட்டியலில் பதிந்துகொள்கிறார்கள்: தம்மைச் சாமி என்று அறிவிக்க வேண்டும், தாமோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ, பூட்டன் பூட்டியோ வீட்டில் சாமி பேசியிருக்க வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் பதிந்திருப்பார், தம்பி பதிந்திருக்க மாட்டார். ஆகையால், உங்கள் மகள் யாரையும் பார்த்து "நீங்கள் சாமியா?" என்று முதல் நாளிலேயே கேட்க வேண்டாம். அவர்களே சொல்லும்வரை காத்திருக்கட்டும். மேய்ப்பவர்களைச் சந்தித்தால் எத்தனை துருவமான் என்றும் கேட்கக் கூடாது. அது வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம். நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த "லாப்லாந்து", "லாப்பியர்" என்ற சொற்களையும் அடியோடு விட்டுவிட வேண்டும்; "லாப்பியர்" என்பது அவர்கள் காதில் வசையாகவே விழும்.


குருநகர் வழி எழுதியது:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதுவது பொருத்தமாக இருக்கும். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துக் கடற்கரையைச் சேர்ந்தது. நான் திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவள். என் சித்தப்பா 1980களின் இறுதியில் நோர்வேக்குப் போய், ஃபின்மார்க் கரையில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். அவர் ஒருவர் மட்டுமல்லர். அந்தக் காலத்தில் வட நோர்வேயின் மீனவ ஊர்களில் ஆலை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. போரிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்கள் பலர் அங்கேதான் கத்தி பிடித்து நின்றார்கள். எங்களுக்கும் நோர்வேக்கும் இடையில் அதற்கு முன்பே மீன் வழியாகத் தொடர்பு இருந்தது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். நோர்வேயில் குடியேறிய முதல் தமிழராக அவரையே சொல்வார்கள். 1960களில் அவரும் அவருடைய நோர்வே நண்பர்களும் சேர்ந்து யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காக "சீநோர்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் மகள் அந்தக் கரையில் இறங்கும் முதல் தமிழ்ப் பெண்ணாக இருக்க மாட்டாள். இந்தச் செய்தியை அவள் அம்மாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

சித்தப்பா சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். முதல் மாதங்களில் ஊர்க்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள். அது வெறுப்பினால் அன்று, அவர்கள் இயல்பே அப்படி. ஆனால் ஒரு பனிப்புயல் இரவில் மின்சாரம் நின்றபோது, அதுவரை தலையாட்டலோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் விறகும் மண்ணெண்ணெய் விளக்கும் தூக்கிக்கொண்டு வந்தாராம். குளிர்காலத்தில் வானிலை மோசமானால் மலைப் பாதையில் தனியாகக் கார் ஓட்டிப் போக விடமாட்டார்கள். குறித்த நேரத்தில் பனி அகற்றும் வண்டி முன்னே செல்ல, கார்கள் வரிசையாகப் பின்னே செல்ல வேண்டும். அந்த வரிசையில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பார். கொம்யூன் அலுவலகத்தில் (அங்கிருக்கும் தமிழர்கள் உள்ளாட்சியைக் கொம்யூன் என்றே சொல்வார்கள்) இவருக்கு மொழி வகுப்பும் வீடும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

நெய்தல் வாசகி அம்மா எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சித்தப்பா நின்ற வரிசையில் அவருக்கு அடுத்து ஒரு மூத்த பெண்மணி நின்று மீன் அறுப்பார். ஐந்து ஆண்டுகள் பக்கத்தில் நின்றும் அவரைச் சித்தப்பா நோர்வேஜியர் என்றே நினைத்திருந்தார். ஒரு நாள் சித்தப்பா தன் மூத்த மகளோடு ஆலை வாசலில் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வீட்டிலும் பிள்ளையோடு இதே மொழியில்தான் பேசுவாயா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். ஆம் என்றதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தாய்க்கும் தனக்கும் இடையே இருந்த மொழி சாமி என்றும், தான் பெற்ற நான்கு பிள்ளைகளுக்கும் அதில் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றும், பள்ளியில் தான் பட்டது அவர்களுக்கு வரக் கூடாது என்று அப்படிச் செய்ததாகவும் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு சித்தப்பா ஊரை விட்டுப் போகும்வரை, அந்த அம்மா அவர் மகளுக்குச் சாமி மொழியில் பறவைகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லாததை ஒரு தமிழ்ச் சிறுமிக்குச் சொன்னார். என் தங்கைக்கு இப்போது நாற்பது வயது, ஒஸ்லோவில் இருக்கிறாள், அந்தப் பெயர்களில் ஏழெட்டு அவளுக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் படிப்புக்காகவும், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதாலும் தெற்கே போய்விட்டார்கள். இருந்தாலும் வடக்கில் கேட்டுப் பாருங்கள். தமிழர் செய்யும் மீன் குழம்பின் வாசனையை நினைவில் வைத்திருக்கும் முதியவர் யாராவது இருப்பார்.


ஈசூன் தகப்பன் எழுதியது:

இரண்டு அம்மாக்களுக்கும் என் நன்றி. குருநகர் வழி அம்மா எழுதியதை என் மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

ஒரு துணைக் கேள்வி. நான் படித்தவரை, 1987இல் சாமி சட்டம், 1988இல் அரசியலமைப்பில் ஒரு பிரிவு, 1989இல் கரஷோக்கில் மன்னர் ஐந்தாம் ஓலவ் தொடங்கி வைத்த சாமி நாடாளுமன்றம், 1990இல் பழங்குடியினர் உரிமை பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் ஒப்பந்தம் என்று உரிமைகள் வரிசையாக வந்திருக்கின்றன. அப்படி இருந்தும் கரையோர மீனவர்களின் குறை தீரவில்லை என்று என் மகளின் பேராசிரியர் சொன்னாராம். மீனில் உள்ள சிக்கல் என்ன?


ஜூரோங் துறை எழுதியது:

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளாகக் கடலுணவு இறக்குமதித் தொழிலில் இருக்கிறேன். சரக்கு பார்ப்பதற்காக ஃபின்மார்க்கிற்கு ஒரு முறை போய் வந்தவன் என்ற முறையில், மீன் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் குறித்திருக்கும் அந்த ஆண்டுகளிலேயே விடை இருக்கிறது. கரஷோக்கில் நாடாளுமன்றம் திறந்த அதே நேரத்தில்தான் கரையில் மீன் பறிபோனது. 1980களின் பிற்பாதியில் நார்வேக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலில் கேப்பலின் என்ற சிறு மீன் ஏறக்குறைய அற்றுப்போனது. காட் மீனுக்கும் கடல்நாய்களுக்கும் அதுதான் உணவு. பசித்த கடல்நாய்கள் ஃபின்மார்க்கின் கடற்கழிகளுக்குள் கூட்டம் கூட்டமாக நுழைந்தன. வலையில் மீனுக்குப் பதில் கடல்நாயே சிக்கியது. உள்கழியில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வெறுங்கையோடு கரை திரும்பினார்கள். காட் மீன் வளம் சரிந்ததால் 1989 ஏப்ரலில் கரையோர மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு முதல் ஒவ்வொரு படகுக்கும் தனி ஒதுக்கீடு என்ற முறை வந்தது. முந்தைய சில ஆண்டுகளில் குறிப்பிட்ட அளவு மீன் பிடித்துக் காட்டியவர்களுக்கே அந்த ஒதுக்கீடு கிடைத்தது. அந்த ஆண்டுகளில்தான் உள்கழிகளில் மீனே இல்லையே! கடல்நாய்க்கு மீனைப் பறிகொடுத்தவர், சட்டத்தின் கணக்கில் மீன் பிடிக்காதவர் ஆனார். சிறு படகும் பல தொழிலும் வைத்திருந்த கடல் சாமி குடும்பங்களில் மிகப் பலர் இப்படித்தான் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட திறந்த பிரிவில் உரிமம் இருந்தது. மீன் குறைவாகவே இருந்தது. பின்னாளில் பெரிய படகுக்காரர்கள் ஒதுக்கீடுகளை விலைக்கு வாங்கிச் சேர்க்கலாம் என்றானதும், நார்வேஜியர் வாழும் வெளிக்கரை ஊர்களிலிருந்தும் உரிமை வெளியேறத் தொடங்கியது. ஆகவே இன்று ஷொல்லெஃபியோர்டின் சிறு படகுக்காரரும் லாக்செஃபியோர்டின் சிறு படகுக்காரரும் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்வார்கள்.

சட்ட அறிஞர் கார்ஸ்டன் ஸ்மித் தலைமையிலான ஒரு குழு, கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு, எந்த இனத்தவராயினும், தம் கடலில் மீன் பிடிக்கும் உரிமை வரலாற்று அடிப்படையில் உண்டு என்று 2008இல் எழுதியது. அரசு அதை முழுதாக ஏற்கவில்லை. 2005இன் ஃபின்மார்க் சட்டம் மாநிலத்தின் நிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை "ஃபின்மார்க் எஸ்டேட்" என்னும் உள்ளூர் நில அமைப்புக்கு மாற்றியது. அதிலும் கடல் சேரவில்லை. உங்கள் மகளின் ஆய்வுக்கு உயிர்நிலை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மக்களின் மொழிக்குப் பள்ளியும் பாடப்புத்தகமும் கொடுத்துவிட்டு, அந்த மொழியைப் பேசிக்கொண்டே செய்த தொழிலை எடுத்துவிட்டால், மொழி எங்கே போய் நிற்கும்? என் தாத்தா கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்தவர். கரையில் தெரியும் ஒரு மலையையும் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, நடுக்கடலில் மீன் கிடைக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பார். அதைக் "கணியம்" என்பார்கள். ஃபின்மார்க்கில் அதே வித்தையை ஒரு முதியவர் எனக்குச் செய்து காட்டினார். அவர் குறிவைத்த பாறைகளுக்கும் மேடுகளுக்கும் வரைபடத்தில் பெயர் இல்லை. சாமி மொழியில் மட்டுமே பெயர் உண்டு. அந்த இடத்தில் தூண்டில் போட யாரும் போகாவிட்டால், அந்தப் பெயரை உச்சரிக்கவும் யாருக்கும் தேவை இருக்காது.

நண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் உணவகங்களின் கண்ணாடித் தொட்டிகளில் கால் விரித்து நிற்கும் அந்தச் சிவப்புக் கிங் நண்டு ஃபின்மார்க்கின் சொந்த உயிரினம் அன்று. 1960களில் சோவியத் அறிவியலாளர்கள் பசிபிக் பகுதியிலிருந்து கொண்டுவந்து மூர்மன்ஸ்க் பக்கம் கடலில் விட்டார்கள். 1977இல் நார்வேயின் வராங்கர் கழியில் முதன்முதலாகப் பிடிபட்டது. வலையை நாசமாக்கியது; தூண்டில் இரையைத் தின்றது; கடலடியில் இருந்ததையெல்லாம் மேய்ந்தது. முதலில் அதைச் சாபம் என்றார்கள். 2002இல் வணிக மீன்பிடிப்பு தொடங்கியபின் சிறு படகுக்காரர்களைத் தொழிலில் நிலைக்க வைப்பது அதே நண்டுதான். கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகைக்குக் கிழக்கே ஒதுக்கீட்டு முறை. லேபெஸ்பி அதற்குள் வருகிறது. மறுபக்கம், காட் மீன் மீண்டும் இறங்குமுகத்தில் இருக்கிறது: நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து நிர்ணயிக்கும் ஒதுக்கீடு 2021இல் 8,85,000 டன்னுக்கு மேல் இருந்தது, 2025இல் 3,40,000 டன். உங்கள் மகள் போகும் மார்ச், ஏப்ரலில் கேப்பலினைத் துரத்திக்கொண்டு காட் மீன் கரைக்கு வரும் பருவம். ஊர் முழுவதும் மீன் பேச்சாகவே இருக்கும். பள்ளி விட்டு வரும் சிறுவர்கள் ஆலையில் காட் மீனின் நாக்கை அறுத்து விற்றுக் கைச்செலவுக்குக் காசு சேர்ப்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒதுக்கீட்டுக் கணக்கைக்கூடச் சொல்வார்கள்.


நெய்தல் வாசகி எழுதியது:

ஜூரோங் துறை ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்வே நாடாளுமன்றம் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023 ஜூன் 1 அன்று அறிக்கை கொடுத்தது. சாமி மக்களையும், ஃபின்லாந்து வழிவந்த குவென், வனஃபின்னியர் ஆகிய மக்களையும் நார்வேஜியர் ஆக்கிய கொள்கைக்காக நாடாளுமன்றம் 2024 நவம்பர் 12 அன்று மன்னிப்புக் கேட்டது. இது இன்னும் ஆறாத பேச்சு. காற்றாலையும் அப்படித்தான்: ஷொல்லெஃபியோர்டின் மேட்டில் 17 காற்றாலைகள் 2006 முதல் சுழல்கின்றன, சாமி மக்கள் புனிதமாகக் கருதும் ரஸ்டிகைசா மலைக்கு அருகே முன்மொழியப்பட்ட பெருந்திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இவற்றில் ஊரே இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆய்வுக்கு வந்தவள் என்ற முறையில் அவள் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். கருத்துச் சொல்ல அவசரம் வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை நார்வேஜியமே போதும். ஆனால் சாமி மொழியில் இரண்டு சொற்களைப் பழகிக்கொண்டு போகட்டும்: வணக்கத்துக்கு "புரெஸ்", நன்றிக்கு "கீய்து". ஒருவர் தாமாகச் சாமி என்று சொல்லிக்கொண்ட பிறகே அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

மார்ச்சில் இன்னும் பனி இருக்கும். வானிலை மோசமானால் குருநகர் வழி அம்மா சொன்ன வாகன வரிசையில்தான் மலையைக் கடக்க வேண்டியிருக்கும். புயலில் பாதை மூடினால் பெர்கனிலிருந்து ஷிர்கெனெஸ் வரை செல்லும் கடற்கரைக் கப்பல் ஷொல்லெஃபியோர்டில் நிற்கும். மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை சூரியன் மறையாது; கனத்த திரைச்சீலை இல்லாத அறை என்றால் கண்மறைப்புத் துணி கட்டாயம் வேண்டும். நான் அது இல்லாமல் போய் ஒரு வாரம் தூங்கவில்லை.

மே 17 நார்வேயின் அரசியலமைப்பு நாள். அன்று ஊர்வலம் நடக்கும்; நார்வேஜிய மரபுடை அணிந்தவர்களும் "காக்தி" என்னும் சாமி உடை அணிந்தவர்களும் ஒன்றாக நடப்பார்கள். எரிந்துபோன கடல் சாமி உடைகளைப் பழைய புகைப்படங்களையும் அருங்காட்சியகத் துணிகளையும் பார்த்து மீண்டும் தைத்துக்கொண்ட கடற்கழி ஊர்களும் உண்டு. நான் பார்த்த ஓர் ஊர்வலத்தில் பாட்டி நார்வேஜிய உடையிலும் பேத்தி காக்தியிலும் கைகோத்து வந்தார்கள். அன்று வேறு எங்கும் பயணம் வைத்துக்கொள்ளாமல் ஊரிலேயே இருக்கும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஒரு பட்டுப்புடவையும் எடுத்துப் போகட்டும், உள்ளே கம்பளி போட்டுக்கொண்டால் கட்டிக்கொள்ளலாம்.